நான்காம் மூலை

குய்யாங் நகரில் இரவுப் பேருந்து ஓட்டுகிறவன் நான்.
விடிகாலை ஐந்தேகாலுக்கு வண்டியை நிறுத்தினால்
எனக்கு முன்னே என் பசி இறங்கிப் போகும்
கோங் ஷூச்சின் கடைக்கு.
ஒரு கிண்ணம் நூடுல்ஸ், மேலே வறுத்த பன்றிக்கொழுப்பு,
ஒன்பது யுவான்.
தூணில் ஒட்டிய கட்டத்துக்கு நேரே போனை நீட்டுவேன்.
அது கிணுங்கும். நான் உறிஞ்சுவேன்.
ஆறு வருடமாக எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு.

வியாழக்கிழமை மழை.
சிக்னல் தவழ்ந்து வந்தது,
அதனால்தான் படித்தேன்,
இல்லாவிட்டால் யார் படிக்கிறார்கள்?
பணம் பெறுபவர்: இரண்டு நட்சத்திரம், பிறகு 'வெய்'.

அக்கா, உன் பேரில் வெய் எங்கே இருக்கிறது?

கரண்டியோடு திரும்பினாள்.
காசு விழுந்தால் தொகை சொல்லிக் கூவும் பெட்டி
செவ்வாயிலிருந்தே ஊமை.
ஈரம் இறங்கியிருக்கும் என்று
அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள்.
முழுப் பூசணியைச் சோற்றில் மறைத்தவன் எவனோ,
அரிசிக்குள் போனதென்னவோ
உண்மை பேசிய ஒரே வாய்.

தூணருகே போய்
கட்டத்தை மோந்து பார்ப்பதுபோல் நின்றாள்.
"ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றாள்.

சர்க்கரையில் எறும்பு மொய்த்த மாதிரிதான்
எல்லாக் கட்டமும் நமக்கு.
கள்ளனுடையதையும் கடைக்காரியுடையதையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும்
நம் கண் இரண்டுக்கும் ஒரே வணக்கம் சொல்லும்.
பேருந்துக் கதவுகளில் இதை ஒட்டுகிற டிப்போ பையன்
ஒருநாள் சிகரெட் நேரத்தில் சொன்னான்:
மூன்று மூலையில் மூன்று பெரிய கண்,
நான்காம் மூலையில் இல்லை.
அந்த இல்லாததை வைத்துத்தான்
எது மேல், எது கீழ் என்று போன் தெரிந்துகொள்கிறதாம்.
தலைகீழாய்ப் பிடி, படிக்கும்.
கொஞ்சம் கிழி, படிக்கும்.
தேவைக்கு மேலேயே புள்ளி வைத்திருக்கிறார்களாம்,
தொலைந்ததை மிச்சத்திலிருந்து கணக்குப் போட.

அவள் கட்டத்தின் நான்காம் மூலையில்
மிளகாய் எண்ணெய் தெறித்துச் சுட்ட வடு,
தாமரை விதை அளவு.
போன் பொருட்படுத்தாமல் தாண்டிப் போன அந்த ஒன்றில்தான்
அவள் தன்னுடையதைத்
தன்னுடையது என்று அறிந்திருந்தாள்.

நகத்தால் சுரண்டினாள்.
புதுத் தாள் வெங்காயத் தோல்போல் வந்தது.
அடியில், வடுவோடு, பழையது.
நீட்டினேன்.
இரண்டு நட்சத்திரம், பிறகு 'சின்'.
என் மூன்று நாள் இருபத்தேழு யுவான்
எந்த வெய்யின் சட்டைப்பையிலோ.
இந்த ஊரில் கல்லை எறிந்தால்
ஒரு வெய்யின் தலையில்தான் விழும்.

காவல் நிலையத்தில் மோ என்கிற அதிகாரி
சாட்சிக்காக அந்தத் தாளைப் படம் எடுக்கப் போனார்.
அவருடைய போன் பணிவாகக் கேட்டது:
எவ்வளவு செலுத்த விரும்புகிறீர்கள்?
சிரிக்கக் கூடாத இடம்.
அவளே முதலில் சிரித்தாள்.

மறுநாள் சிலர் திரும்பக் கொடுத்தார்கள்.
சிலர், "நான்தான் கட்டிவிட்டேனே" என்றார்கள்,
அதுவும் பொய்யில்லை.
மருத்துவக் கல்லூரிப் பெண் ஒருத்தி
பாதி கொடுத்தாள், பாதியைக் கடன் என்றாள்.
நான் இருபத்தேழையும் கட்டினேன்.
பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்,
கிண்ணத்தில் கூடுதலாக ஒரு முட்டை கிடந்ததைப் பார்க்கும்வரை.

புதுக் கட்டம் அச்சாகி வந்தது, பளபளவென்று.
கட்டைவிரலை எண்ணெயில் தோய்த்து
நான்காம் மூலையில் அழுத்தினாள்,
பத்திரத்தில் ரேகை வைப்பவள் மாதிரி.
"படிக்குதா பார்."

படித்தது.
அரிசியிலிருந்து எடுத்த பெட்டி கூவியது.
ஒலித் துளையில் ஒரு மணி சிக்கிக்கொண்டிருக்கிறது போல.
ஒன்பது என்பதை மட்டும்
இன்றுவரை கொஞ்சம் கரகரப்பாகத்தான் சொல்கிறது.